மூடினாலும் பூட்டாத பானட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 1960-களில் தயாரான நான்கு கதவு கார் ஒன்று உள்ளது. பானட்டின் கீல்கள் முன்கண்ணாடிப் பக்கம் இருக்கின்றன. பூட்டு முன்னால் கிரில்லுக்கு மேலே இருக்கிறது. டிங்கரிங், பெயிண்ட் வேலைகள் முடிந்து கார் திரும்பி வந்த பிறகு, பானட் சில வேளைகளில் ஒரே அழுத்தில் பூட்டிக்கொள்கிறது. சில வேளைகளில் ஓங்கி அடித்தாலும் பிடிப்பதில்லை. பூட்டிவிட்டது என்று நம்பிப் புறப்பட்டால், மேடுபள்ளமான சாலையில் 'டக்' என்ற ஓசையுடன் விடுபட்டுப் பாதுகாப்புக் கொக்கியில் வந்து நிற்கிறது. பூட்டையே மாற்றிவிடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். பந்தயக் கார்களில் இருப்பதைப் போல மேலிருந்து இரண்டு பின் (pin) வைத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். நான் எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இருவருமே பழுது எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே மருந்து சொல்லியிருக்கிறார்கள். பழைய கார்களில் பூட்டு தானாகக் கெடுவது குறைவு; அதைச் சுற்றியுள்ள கேபிள், கீல், ரப்பர் தாங்கிகள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இடம் மாறியதன் விளைவே பெரும்பாலும் பூட்டில் வந்து தெரிகிறது. பெயிண்ட் வேலைக்குப் பிறகுதான் தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதே உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தகவல்.

வேலையைத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பானட் இப்போது பாதுகாப்புக் கொக்கியை மட்டும் நம்பி நிற்கிறது. சரிசெய்யும் வரை காரை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் செலுத்தும் அழுத்தம் ஏறக்குறைய 12 கிலோ எடைக்குச் சமம். 100 கிலோமீட்டரில் அது 48 கிலோவை எட்டுகிறது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகிறது என்பதால், ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது தாக்குப்பிடிக்கும் ஒரு கொக்கி நெடுஞ்சாலையிலும் தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் போட முடியாது.

உங்கள் காரின் காலத்தில் பரவலாக இருந்த பூட்டு எளிமையானது. பானட்டின் அடியில் கூம்பு முனையுள்ள ஒரு பின் (ஆணி போன்ற தண்டு) தொங்கும். அதைச் சுற்றி வலுவான ஸ்பிரிங் ஒன்று இருக்கும். கீழே, ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குத் தகட்டில், பக்கவாட்டில் நகரும் ஒரு சிறிய தகடு இருக்கும். பின் இறங்கும்போது அதன் கூம்பு முனை தகட்டை ஒதுக்கிவிட்டு உள்ளே போக, தகடு தன் சொந்த ஸ்பிரிங்கினால் திரும்பி வந்து பின்னின் தலைக்கு மேலுள்ள கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். டாஷ்போர்டுக்குக் கீழுள்ள கைப்பிடியை இழுத்தால் கேபிள் அந்தத் தகட்டை விலக்கும். பின்னைச் சுற்றியுள்ள ஸ்பிரிங் பானட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தும். அந்த உயரத்தில் பாதுகாப்புக் கொக்கி தடுத்து நிறுத்தும். சற்றுப் பிந்திய கார்களில் பின்னுக்குப் பதிலாக வளைந்த கம்பியும், தகட்டுக்குப் பதிலாகச் சுழலும் நகம் போன்ற பிடியும் இருக்கும். இரண்டிலும் வேலை நடக்கும் முறை ஒன்றுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், சில வேளை பிடிப்பதும் குலுங்கும்போது விடுபடுவதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்பது புரியும். தகடு முழுமையாகத் திரும்பி வரவில்லை. பின்னின் தலையை விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஏன் திரும்பவில்லை என்பதற்குப் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டே விடை காணலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தகட்டை ஒதுக்கி விட்டுப் பாருங்கள்: அது சுண்டியது போல் திரும்ப வேண்டும். சோம்பலாக நகர்ந்தாலோ பாதி வழியில் நின்றாலோ, பூட்டின் முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு மீண்டும் அதே சோதனையைச் செய்யுங்கள். கேபிள் இல்லாதபோது தகடு சுறுசுறுப்பாகத் திரும்பினால் குற்றம் கேபிளில் இருக்கிறது. அப்போதும் மந்தமாக இருந்தால் பூட்டில் இருக்கிறது. சில நிமிட வேலைதான் என்றாலும், தேவையில்லாமல் ஒரு பூட்டை வாங்கும் செலவை இந்தச் சோதனை பல நேரங்களில் தவிர்த்துவிடும்.

பூட்டு மந்தமாக இருந்தால் முதல் சந்தேகம் பெயிண்ட். மறைப்புத் தாள் சரியாக ஒட்டாமல் பெயிண்ட் அடித்திருந்தால் தகடு நகரும் தடத்தில் பெயிண்ட் படிந்திருக்கும். தேய்ப்புத் தாள் உதிர்த்த தூசும் பழைய கிரீஸும் சேர்ந்து பிசின் போல் ஆகியிருக்கும். பூட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, நன்றாகக் காயவைத்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். இறுகிப்போன பாகங்களை இளக்குவதற்கு நாம் அடிக்கும் மெல்லிய தெளிப்பு எண்ணெய், இளக்கும் வேலைக்கு மட்டுமே உரியது. அது சில வாரங்களில் ஆவியாகிவிடும் என்பதால் அதையே நிரந்தர மசகாகக் கருத வேண்டாம். கழற்றும்போது சிறிய ஸ்பிரிங் துள்ளிப் போய்விடாமல் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வது நல்லது. அதே அளவும் அதே வலுவும் உள்ள மாற்று ஸ்பிரிங் கிடைப்பது பல மாடல்களுக்கு அரிது.

குற்றம் கேபிளில் என்றால், அவுட்டர் (கேபிளின் வெளியுறை) எங்காவது மடிந்திருக்கிறதா, பேட்டரிக்கு அருகில் அமிலப் புகையால் துருவேறியிருக்கிறதா, அதைத் தாங்கும் கிளிப்புகள் பெயிண்ட் வேலையின்போது இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று தொட்டுத் தடவிப் பாருங்கள். கூர்மையான வளைவு ஒவ்வொன்றும் இன்னரை, அதாவது உள்ளே ஓடும் கம்பியை, உராய்ந்து பிடிக்கும். அதைவிட அடிக்கடி காணப்படும் தவறு, கேபிளை மீண்டும் பூட்டும்போது இழுத்துக் கட்டிவிடுவது. கைப்பிடி முழுமையாக உள்ளே தள்ளப்பட்ட நிலையில் இன்னரில் சில மில்லிமீட்டராவது தளர்வு இருக்க வேண்டும்; மெக்கானிக்குகள் 'பிளே' என்று சொல்வது இதைத்தான். பிளே இல்லாத கேபிள் தகட்டை எப்போதும் சிறிது திறந்தே வைத்திருக்கும்; மேடுபள்ளத்தில் காரின் உடல் சற்று முறுகும்போது மீதியையும் திறந்துவிடும். உங்கள் வர்ணனைக்கு மிக நெருங்கிப் பொருந்தும் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

கேபிளும் பூட்டும் நன்றாக இருந்தும் பழுது தொடர்ந்தால், அடுத்து பானட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடிப்பதற்காகப் பானட்டைக் கழற்றியிருப்பார்கள். மீண்டும் மாட்டும்போது கீல் போல்ட்டுகள் பழைய இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்திருந்தால், பின்னின் முனை பூட்டின் துளைக்கு நேராக இறங்காமல் ஓரத்தில் இடிக்கும். பின்னின் நுனியில் கொஞ்சம் கிரீஸைத் தடவி, பானட்டை மெதுவாக இறக்கிப் பூட்டைத் தொட்டதும் தூக்கிவிடுங்கள். கிரீஸ் எங்கே ஒட்டியிருக்கிறது என்பது விலகலின் திசையைக் காட்டிவிடும். இந்த இடத்தில் பலரும் பின்னையோ பூட்டையோ நகர்த்தித் துளைக்கு நேராக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். முதலில் கீல்களில்தான் கை வைக்க வேண்டும். பானட்டுக்கும் இருபுற மட்கார்டுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி முன்னிருந்து பின்வரை சீராக வரும்படி கீல்களைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு பானட் தானாக வந்து அமரும் இடத்துக்கு ஏற்பப் பின்னையும் பூட்டையும் நகர்த்துங்கள். பானட்டை இழுத்து நேராக்கும் பொறுப்பைப் பூட்டின் மேல் சுமத்தினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் அது ஒரு பக்கமாகத் தேயும். கீல் போல்ட்டுகளைத் தளர்த்தும் முன் அவற்றின் இப்போதைய இடத்தைப் பென்சிலால் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். உதவிக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். போல்ட்டுகளை முழுவதும் கழற்றாமல், தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். புதுப் பெயிண்ட்டின் மூலைகள் முன்கண்ணாடிச் சட்டத்தில் இடிக்காமல் இருக்கத் தடித்த துணியை விரித்து வையுங்கள்.

அடுத்தது உயரம். இதில்தான் நன்றாக வேலை தெரிந்தவர்களும் தடுமாறுகிறார்கள். பானட்டின் முன்விளிம்பைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளை முதலில் திருகிக் கீழே இறக்கிவிடுங்கள். அவை உயரமாக இருந்தால் பின் எவ்வளவு சரியாக இருந்தாலும் பூட்டைச் சென்றடையாது. பெயிண்ட் வேலையோடு புதிய ரப்பர் பட்டைகளும் போட்டிருந்தால் அவற்றின் தடிமனையும் சந்தேகியுங்கள். பின்னர், பின் சுழலாமல் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, பின்னை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பிச் சோதியுங்கள். பானட் பிடிக்கவில்லை என்றால் பின்னை நீளமாக்க வேண்டும். பிடித்த பிறகு மேலும் கீழுமாக ஆடினால் பின்னைக் குறைக்க வேண்டும். 'இறுக்கினால் பிடிக்கும்' என்ற எண்ணத்தில் பிடிக்காத பானட்டுக்குப் பின்னை மேலும் மேலும் உள்ளே திருகுபவர்கள் பூட்டிலிருந்து அதன் தலையை இன்னும் தொலைவாக்குகிறார்கள். பிறகு அதைப் பிடிக்கவைக்கப் பானட்டை ஓங்கி அடிக்கிறார்கள். பானட் மட்கார்டுகளோடு ஒரே மட்டத்தில் நிற்கும் நிலை கிடைத்ததும் லாக் நட்டை இறுக்கி, கடைசியாக ரப்பர் தாங்கிகளைப் பானட்டின் அடிப்பகுதியைத் தொட்டுச் சற்று அழுந்தும் வரை உயர்த்துங்கள். லாக் நட்டை மறந்துவிட்டால் அதிர்வில் பின் தானாகச் சுழன்று, சில வாரங்களில் அதே கேள்வியை எனக்கு மீண்டும் எழுதுவீர்கள்.

ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குத் தகட்டையும் ஒரு நேர்க்கம்பை வைத்துச் சோதியுங்கள். பழைய மோதலாலோ, எஞ்சினில் வேலை செய்பவர்கள் ஆண்டுக்கணக்கில் அதன்மேல் சாய்ந்ததாலோ அது நடுவில் சற்றுக் குழிந்திருக்கலாம். உடலும் சேஸிஸும் தனித்தனியாக உள்ள கார்களில், ரேடியேட்டர் சட்டத்தைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் நசுங்கி முன்பகுதி முழுவதுமே பூட்டோடு சேர்ந்து இறங்கிவிடுவது உண்டு. புஷ்களை மாற்றினால், அல்லது வாஷர் கொடுத்து உயர்த்தினால், பூட்டைத் தொடாமலேயே பழுது நீங்கிவிடும். உயரமான ஏர் ஃபில்டரோ பேட்டரியோ புதிதாக வைத்திருந்தால், அதன் மேல் சிறிது களிமண் உருண்டையை வைத்துப் பானட்டை இறக்கிப் பாருங்கள். உருண்டை தகடாக நசுங்கியிருந்தால் பானட்டைத் தடுப்பது எதுவென்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விடுபட்டால்தான் தேய்மானம். பின்னின் தலை விளிம்பும் தகட்டின் விளிம்பும் கூர்மையாகத் தட்டையாக இருக்க வேண்டும்; விரலால் தடவும்போது உருண்டையாக வழுவழுப்பாக இருந்தால் அவை பிடிமானத்தை இழந்துவிட்டன. அப்போது மெக்கானிக் சொன்னபடி மாற்றுங்கள். ஆனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பின்னுக்குப் புதிய தகடு நெடுநாள் ஈடுகொடுக்காது.

முதல் முறையாகப் பானட்டை முழுமையாக மூடும் முன் இரண்டு காரியங்கள் உண்டு. சுழலும் நகம் உள்ள பூட்டு என்றால், அதனுள் ஒரு ஸ்க்ரூ டிரைவர் தண்டை அழுத்திப் பூட்டவைத்து, கைப்பிடியை இழுத்தால் விடுகிறதா என்று பாருங்கள். தகடு உள்ள பூட்டு என்றால், கைப்பிடியை இழுக்கும்போது தகடு துளையை முழுதாக விட்டு விலகுகிறதா என்று பாருங்கள். கூடவே, பூட்டின் நெம்புகோலில் ஓர் உறுதியான கம்பியைக் கட்டி, கிரில்லுக்குக் கீழே வெளியிலிருந்து தெரியாத இடத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். கேபிள் என்றாவது அறுந்தால் அந்தக் கம்பியின் அருமை புரியும்.

பாதுகாப்புக் கொக்கியை இறுதியில் சோதியுங்கள். இது முக்கியத்துவத்தில் முதலாவது. கைப்பிடியை இழுத்துப் பானட் எழும்பிய பிறகு, கொக்கியைத் தொடாமல் இரு கைகளாலும் முன்விளிம்பைப் பலமாகத் தூக்கிப் பாருங்கள். அசையலாம், திறக்கக் கூடாது. திறந்தால் கொக்கி வளைந்திருக்கிறது அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. முன்னாலிருந்து திறந்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கக்கூடிய பானட்டுக்கு இரண்டாவது பிடி கட்டாயம் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டரசு வாகனப் பாதுகாப்பு விதி எண் 113 கூறுகிறது. அது 1969-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கார் அதற்கு முந்தியதாக இருந்தாலும், அந்த விதியின் நியாயம் உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: மேலே பேசிய பந்தயக் கார் பின்களில் அப்படி என்ன தவறு? என் நண்பர்கள் பலர் வைத்திருக்கிறார்கள்.

பதில்: பந்தயக் காரில் தவறு எதுவும் இல்லை, அங்கே பானட்டை நொடியில் திறக்க வேண்டும், பூட்டு பழுதாகும் வாய்ப்பே இருக்கக் கூடாது. சாலையில் ஓடும் அரிய காரில் அதற்காகப் பானட்டில் இரண்டு துளைகள் போட வேண்டும். துளையைச் சுற்றி வலுவூட்டாவிட்டால் மெல்லிய தகடு விரிசல் விடும். நீர் புகுந்து துருவேறும். போட்ட துளையை யாருக்கும் தெரியாமல் அடைப்பது பெரிய டிங்கரிங் வேலை. பூட்டே கிடைக்காத கார் என்றால் துளை கேட்காத தோல் வாரைப் பரிந்துரைப்பேன். பழைய விளையாட்டுக் கார்கள் பலவற்றில் அது தொடக்கத்திலிருந்தே இருந்தது, பார்வைக்கும் உறுத்தாது. பழுதை மறைப்பதற்காகப் பின் வைப்பதை மட்டும் நான் ஏற்பதில்லை.

கேள்வி: பூட்டைச் சரிசெய்தேன். இப்போது பானட் பூட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உடைக்காமல் திறக்க வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. டாஷ்போர்டுக்குக் கீழே அவுட்டரிலிருந்து இன்னரின் அறுந்த முனை சிறிதாவது நீட்டிக்கொண்டிருந்தால், அதைக் குறடால் இறுகப் பற்றி இழுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் பூட்டுக்கு நேர் மேலே உள்ளங்கைகளால் பானட்டைக் கீழே அழுத்த வேண்டும். அழுத்துவது முரணாகத் தோன்றலாம். பின்னின் தலை தகட்டின்மேல் செலுத்தும் இழுவையை அது நீக்குவதால், இறுகிய பூட்டும் சிறிய இழுப்புக்கு இணங்கும். இன்னர் முற்றிலும் உள்ளே போயிருந்தால் கிரில்லைப் பாருங்கள். பல பழைய கார்களில் அது வெளியிலிருந்தே தெரியும் சில ஸ்க்ரூக்களால் மாட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் கை பூட்டை எட்டும். அதுவும் இயலாவிட்டால், எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, காரை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, வளைத்த நீண்ட கம்பியைக் கீழிருந்து ரேடியேட்டருக்கு முன்னால் செலுத்தி நெம்புகோலைத் தேடலாம். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். கடப்பாரையால் பானட் விளிம்பை நெம்பினால் பூட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள தகடு பாழாகும்.

கேள்வி: என் காரில் பானட் முன்பக்கம் கீல் வைத்துப் பின்னாலிருந்து திறக்கிறது. அதற்கும் இதே ஆபத்து உண்டா?

பதில்: இல்லை. 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு, 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப், 1966-இல் வந்த பிஎம்டபிள்யூ 02 வரிசைக் கார்கள் ஆகியவற்றில் உள்ள அமைப்பு அது. எதிர்க்காற்று பானட்டைத் தூக்கி நிறுத்தாமல் மூடியே வைத்திருக்கும். அங்கே தொல்லை வேறு. பூட்டுகள் பின்புறம் இருபக்கமும் இருப்பதால் இரண்டும் ஒரே அளவில் இழுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் பானட் முறுகி அதிர்ந்து, கீல் புஷ்களைத் தின்னும்.

கேள்வி: ஓடும்போது பானட் திடீரென்று எழுந்து கண்ணாடியை மறைத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், பின்னால் வருபவருக்கு உங்கள் நிலை தெரியாது. ஸ்டீயரிங்கை அப்படியே நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கைச் சீராக அழுத்துங்கள். தலையைத் தாழ்த்திப் பாருங்கள்: பல கார்களில் பானட்டின் கீழ்விளிம்புக்கும் கண்ணாடியின் அடிக்கும் இடையே ஒரு கீற்றளவு சாலை தெரியும். தெரியாவிட்டால் பக்கக் கண்ணாடியை இறக்கி, சாலையோரக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓரம் கட்டுங்கள். எச்சரிக்கை விளக்குகள் இல்லாத பழைய கார் என்றால் ஓரத்துக்குத் திரும்பும் பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டுவிடுங்கள். நின்ற பிறகு பானட்டைக் கீழே இறக்கிக் கயிற்றால் பம்பரின் தாங்கியோடு கட்டினாலும், அந்தக் கட்டை நம்பி ஓட்டுவது அருகிலுள்ள பட்டறை வரை, மெதுவாக மட்டுமே. எழுந்து மடங்கிய பானட்டின் கீல்கள் வளைந்திருக்கும். கூரையின் முன்விளிம்பும் அடிபட்டிருக்கலாம். பூட்டைப் பார்ப்பதற்கு முன் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.